சந்திக்காத இரு அரசிகள்

அன்புள்ள ஐயா,

2018இல் வெளிவந்த ‘மேரி குயின் ஆஃப் ஸ்காட்ஸ்’ திரைப்படத்தில் ஸ்காட்லாந்து அரசி மேரியும் இங்கிலாந்து அரசி எலிசபெத்தும் நேரில் சந்திப்பதை வரலாற்றுப் பிழை என்று எழுதியிருந்தீர்கள். அதே படத்தில் பதினாறாம் நூற்றாண்டு அரசவையினர் டெனிம் துணி உடுத்தி வருவதை மட்டும் விட்டுவிட்டீர்கள். உடைக்குக் கிடைத்த சலுகை கதைக்குக் கிடைக்கக் கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டெனிம் உடுத்தியதால் அந்தக் கதையில் எவருடைய முடிவும் மாறிவிடவில்லை. ஐந்து வயதில் பிரான்சுக்குச் சென்று 1561இல்தான் நாடு திரும்பிய மேரி, படத்தில் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசுவது சற்று உறுத்தியது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். சந்திப்பு அப்படிப்பட்டதல்ல.

1562இல் இருவரும் சந்திப்பதற்கான ஏற்பாடுகள் நடந்தன; பிரான்சில் மதப்போர் மூண்டதால் அது கைவிடப்பட்டது. 1568 மே மாதம் மேரி அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்கு வந்தபோது, அவருடைய கணவர் டார்ன்லி முந்தைய ஆண்டு கொலையுண்டதில் அவருக்குப் பங்கில்லை என்று தெளிவாகும்வரை அவரைப் பார்க்க இயலாது என்றார் எலிசபெத். நேரில் வரவேற்றால் மேரியைக் குற்றமற்ற அரசியாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். பார்க்காதவரை அவரை விருந்தினர் என்றும் சொல்ல வேண்டாம், கைதி என்றும் சொல்ல வேண்டாம். ஏறத்தாழ 19 ஆண்டுகள் நீண்ட அந்த நிலை, 1587 பிப்ரவரி 8 அன்று ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலை வெட்டப்பட்டபோதுதான் முடிந்தது. எலிசபெத் கையில் வைத்திருந்த ஆயுதமே சந்திக்க மறுப்பதுதான் என்னும்போது, தொங்கும் துணிகளுக்கிடையே இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் அந்தக் காட்சி, எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும், அந்த ஆயுதத்தைப் பிடுங்கிவிடுகிறது.

இந்தக் கற்பனை படக்குழுவினருடையது மட்டுமல்ல. 1800இல் ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் மேரியைப் பற்றி எழுதிய நாடகத்திலேயே இரு அரசிகளும் சந்திக்கிறார்கள். ஒரே மேடையில் இரு பகைவர்களைக் கடைசிவரை தள்ளியே வைத்திருப்பது நாடகக்காரருக்குக் கடினம். நொடிக்கொரு தடவை இரு கோட்டைகளுக்கிடையே தாவக்கூடிய திரைப்படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மேரியின் தூதராக 1564இல் லண்டன் சென்ற ஜேம்ஸ் மெல்வில் தம் நினைவுக் குறிப்புகளில் ஓர் உரையாடலைப் பதிந்திருக்கிறார். இருவரில் யார் உயரம் என்று எலிசபெத் கேட்க, எங்கள் அரசிதான் என்கிறார் மெல்வில். அப்படியானால் அவர் அளவுக்கு மீறிய உயரம், நான் அதிக உயரமும் இல்லை குட்டையும் இல்லை என்கிறார் எலிசபெத். பணியாளன் வேடமிட்டு வந்தால் யாருக்கும் தெரியாமல் ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்று எங்கள் அரசியைக் காட்டுகிறேன் என்று மெல்வில் விளையாட்டாகச் சொன்னபோது, அப்படிச் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் பெருமூச்சு விட்டாராம். நான்கே ஆண்டுகளில் மேரி அவருடைய நாட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தார். அதன் பிறகு ஒரு நாள்கூட எலிசபெத் அவரைப் பார்க்கச் செல்லவில்லை.