கிறிஸ்தவ விசுவாசம் இன்று உங்கள் அடையாளத்தை, மனநலத்தை, பொதுவாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது?

நான் மட்டக்களப்பில் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள், பாடசாலை ஆசிரியை. எங்கள் ஊரை வைத்துத்தான் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

அடையாளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "நீ தமிழா, கிறிஸ்தவளா?" என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவது, கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகும் அது போகவில்லை. பெரியம்மா வீட்டில் சூரியனைக் கும்பிட்டுப் பொங்குவார்கள், எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டுப் பொங்குவோம், இரண்டு பொங்கலும் இரண்டு வீட்டுக்கும் போகும். மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனாலும் எனக்குக் கூச்சம் வந்ததில்லை. 1814இல் இங்கு வந்து அடுத்த வருடமே இறந்துபோன வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அங்கேயும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர்கள் இல்லாத சைவக் குடும்பங்கள் டவுனில் குறைவு.

நான் உண்மையில் எழுத விரும்புவது மனநலத்தைப் பற்றி.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு வாரம். சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து ஆராதனைக்குக் காத்திருந்த நேரத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பலர் பிள்ளைகள். டவுன் சின்னது. ஒவ்வொரு தெருவுக்கும் ஏதோ ஒரு வகையில் அது சொந்தச் சாவாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சபை மக்களின் வாயிலிருந்து கேட்ட சில வார்த்தைகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். "அழாதீங்க, பிள்ளை பரலோகத்தில சந்தோசமா இருக்கு." "விசுவாசம் இருந்தா பயம் வராது." "மன்னிச்சிட்டன் எண்டு வாயால சொல்லுங்க, பாரம் இறங்கும்." சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. அழுகையைப் பக்கத்தில் இருந்து பார்க்க அவர்களால் முடியவில்லை, அதுதான் காரணம். ஆனால் பிள்ளையைப் புதைத்த மண் காயாத தாய்க்கு அந்த வார்த்தைகள் என்ன செய்யும்? வீட்டில் அழுவாள், கோயிலுக்கு வந்தால் சிரிப்பாள். பிறகு கோயிலுக்கு வருவதையே விட்டுவிடுவாள்.

வேதம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் என் வாதம். இறந்த நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். உயிர்த்தெழுதல் நிச்சயம் என்றால் கண்ணீர் தேவையில்லை என்பது அவருக்கே தெரியாத பாடம். 150 சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை என்று பாருங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலே சொல்லாமல் இருளில் முடிகிறது, அதையும் யாரும் வெட்டி எடுக்கவில்லை. அந்த சங்கீதங்களைத்தான் நாங்கள் சில பெண்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடி வாசிக்கிறோம். பிரசங்கம் கிடையாது, சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்பதும் கிடையாது. ஒரு அக்கா முதல்முறை வந்தபோது, "ரீச்சர், கடவுளோட கோவமா இருக்கிற ஆள் வரலாமா?" என்று கேட்டார். "கோவத்தோடயே வாங்க அக்கா" என்றேன். இன்றும் வருகிறார். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டதில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சாகலாமா என்று யோசிக்கிற ஒருவரிடம் உபவாச ஜெபத்துக்கு வரச் சொல்லிவிட்டு அதோடு விடுவது பாவம். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் ஜெபத்தை அங்குள்ள வாங்கில் (பெஞ்சில்) இருந்து செய்யுங்கள். இரவில் என்றால் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு அழைக்கலாம். இது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம்: யுத்தம் நடந்த 1996இல் யேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். யுத்தம் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள். சற்குணநாயகம் அடிகளார் உளவளத்துணையை முறையாகக் கற்றவர். குருத்துவமும் அந்தப் படிப்பும் அவரிடம் சண்டை போடவில்லை.

பொதுவாழ்க்கைக்கு வருகிறேன். பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமல்போனார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், கோயிலுக்குள்ளேயே கொல்லப்பட்டார். சனத்தின் பக்கம் நின்று வாய் திறந்தால் என்ன விலை என்று எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் "நாங்கள் மன்னித்துவிட்டோம், இனி விசாரணை எதற்கு" என்ற கதையை நான் ஏற்பதில்லை. மன்னிப்பது காயப்பட்டவரின் உரிமை, அவர் நேரம் எடுத்துக்கொள்ளட்டும். யார் செய்தார்கள், யார் தெரிந்தும் தடுக்காமல் விட்டார்கள் என்று கண்டுபிடிப்பது அரசின் கடமை. ஈஸ்டர் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் அதிகாரிகளையும் நட்டஈடு கட்டச் சொன்னது நல்ல தொடக்கம், முடிவல்ல.

ஆனால் நீதி கேட்பவளாக நானும் ஒரு கணக்குக் கொடுக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அவர்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள். 2019க்குப் பிறகு காத்தான்குடிக் கடைகளில் உடுப்பு வாங்குவதை எங்கள் ஆட்கள் பலர் நிறுத்தினார்கள். குண்டோடு வந்தவன் அந்த ஊர் என்பதால் ஊர் முழுவதும் குற்றவாளி ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால் 1990க்குத் தமிழராகிய நாங்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். ஆராதனைக்குக் காத்திருந்தபோது கொல்லப்பட்ட எங்கள் பிள்ளைகளுக்காக அழுகிற எனக்கு, தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்காக அழாமல் இருக்க விசுவாசம் இடம் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு மன்றாட்டில் காத்தான்குடியில் இறந்தவர்களையும் நினைக்க வேண்டும் என்று எங்கள் சபையில் கேட்டிருக்கிறேன். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர், "முதல்ல அவங்க வந்து சீயோனுக்காக அழட்டும்" என்றார்கள். இந்த வருடமும் கேட்பேன்.