எகெருக்குப் போங்கள், ஆனால் ஓர் இரவு தங்குங்கள்

கேள்வி: மே மாதக் கடைசியில் நான், மனைவி, அம்மா மூவரும் வியன்னாவும் புடாபெஸ்டும் போகிறோம். வியன்னாவில் மூன்று இரவு, புடாபெஸ்டில் நான்கு. பெரிய நகரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லை. ஒரு நாளை ஒதுக்கி ஹங்கேரியின் பழைய சின்ன ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. சென்டென்ட்ரெ போங்கள் என்கிறார் ஒரு நண்பர், எகெர் என்கிறார் இன்னொருவர். அம்மாவுக்கு 66 வயது, மூட்டு வலி உண்டு, சுத்த சைவம். கார் எடுக்கிற எண்ணமில்லை. எது சரிப்படும்? விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

பதில்: எகெர்தான். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி வேண்டாம். புடாபெஸ்டின் நான்கு இரவில் ஒன்றைக் கழித்து எகெரில் வையுங்கள்.

சென்டென்ட்ரெ மோசமில்லை. புடாபெஸ்டின் பாத்தியானி சதுக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் 40 நிமிடம். 1690 வாக்கில் துருக்கியருக்குப் பயந்து வடக்கே வந்த செர்பியர்கள் குடியேறிய ஊர் அது; அவர்களுடைய தேவாலயங்கள், டான்யூப் கரை, வண்ண வண்ண வீடுகள் எல்லாம் அழகுதான். ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பகல் பத்து மணிக்கு மேல் ஊர் முழுக்க நம்மைப் போன்றவர்கள். முக்கியத் தெருவில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், மிளகாய்த்தூள் பொட்டலம், ஐஸ்கிரீம். அரை நாள் கையில் மிஞ்சினால் போய்வரலாம், அவ்வளவுதான்.

எகெர் புடாபெஸ்டுக்கு வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர். பியூக், மாத்ரா என்ற இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவில், திராட்சைத் தோட்டங்களுக்கு மத்தியில் கிடக்கிறது. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர், ஆனால் பார்க்க வேண்டிய பகுதி மொத்தமும் கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். கோட்டை மேட்டைத் தவிர்த்தால் பெரும்பாலும் சமதளம். உங்கள் அம்மாவை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நமக்குக் குறிலும் நெடிலும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹங்கேரிய மொழிக்கும் அந்தக் கணக்கு உண்டு. ‘எகெர்’ என்றால் ஊர். இரண்டாவது எழுத்தை நீட்டி ‘எகேர்’ என்றால் எலி! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறுகிற இடம் இது, நமக்குச் சுலபம். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். வேற்றுமை உருபும் நம்மைப் போலப் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும்: எகெருக்கு என்பது ‘எகெர்பெ’, எகெரில் என்பது ‘எகெர்பென்’. அதனால் அறிவிப்புப் பலகையில் ஊர்ப்பெயருக்கு வால் முளைத்திருந்தால் குழம்ப வேண்டாம். ‘எக்ரி’ என்று பார்த்தால் ‘எகெரைச் சேர்ந்தது’ என்று பொருள். ஆளின் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி. அப்பாவை அவர்களும் ‘அபா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம், சும்மா ஞாபகம் வைத்துக்கொள்ள.

போகும் வழிக்கு வருவோம். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ரயில் புடாபெஸ்ட் கெலெட்டி நிலையத்திலிருந்து கிளம்பும். சில ரயில்களில் ஃபியூஸெஷபோன் என்ற சந்திப்பில் இறங்கி மாற வேண்டும். எகெர் ரயில் நிலையம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது, நடுவூருக்கு இருபது நிமிட நடை. ரயில் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் உங்களுக்கு பஸ்ஸைத்தான் சொல்வேன். சிவப்புத் தடமான எம்2 மெட்ரோவில் புஷ்காஷ் ஃபெரென்ஸ் ஸ்டேடியம் நிறுத்தத்தில் இறங்கினால் பஸ் நிலையம் அங்கேயே. எகெரில் பஸ் நிற்பது பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில், அதாவது நீங்கள் பார்க்க வந்த ஊரின் நடுவிலேயே. பெரிய பெட்டிகளைப் புடாபெஸ்ட் ஓட்டலில் வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு போங்கள். இன்னொன்று: 65 வயது தாண்டியவர்களுக்கு ஹங்கேரியில் பயணம் இலவசம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கான சலுகை. அம்மாவுக்கும் முழு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ஏன் தங்கச் சொல்கிறேன்? சுற்றுலாப் பேருந்துகள் காலை பத்து, பதினொன்றுக்கு வரும், மாலையானால் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு டோபோ சதுக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் இரட்டைக் கோபுரத்தோடு பரோக் பாணி மினோரித் தேவாலயம், தலைக்கு மேலே கோட்டைச் சுவர், சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகள், நாயோடு ஐஸ்கிரீம் தின்னும் பெரியவர்கள். மே கடைசியில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். ஊர் தன் பாட்டுக்கு இருக்கிற அந்த இரண்டு மணி நேரம் பகலில் வந்து போகிறவர்களுக்குக் கிடைக்காது.

அந்தச் சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் டோபோ இஷ்த்வான். 1552இல் இந்தக் கோட்டையின் தளபதி. அந்த ஆண்டு உஸ்மானியத் துருக்கிப் படை அடுத்தடுத்துக் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டு எகெர் வரை வந்தது. உள்ளே பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தே சுமார் இரண்டாயிரம் பேர். வெளியே அதைப் போலப் பல மடங்கு. 39 நாள் முற்றுகை என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. நடுவில் கோட்டைக்குள் பழைய பேராலயத்தில் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தே வெடித்துத் தொலைத்தது. அப்படியும் கோட்டை விழவில்லை. அக்டோபரில் குளிர் ஆரம்பிக்க, படை திரும்பிப் போய்விட்டது. சுவர் மேல் நின்று பெண்கள் சண்டையிட்டதை 1867இல் செகேய் பெர்தலான் வரைந்த ஓவியம் புடாபெஸ்ட் தேசியக் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கதை இங்கே முடிந்துவிடுவதாகத்தான் பல வழிகாட்டிகள் சொல்வார்கள். உண்மையில் 44 வருடம் கழித்து, 1596இல், சுல்தான் மூன்றாம் மெஹ்மெத் நேரிலேயே வந்தார், கோட்டை விழுந்தது. 1687 வரை 91 வருடம் எகெர் உஸ்மானியர் கையில். ஊரின் நடுவில் தனியாக நிற்கும் மினாரெட், அதாவது மசூதிக் கோபுரம், அந்தக் காலத்தின் மிச்சம். 40 மீட்டர் உயரம், உள்ளே 97 படி. மசூதியை 1841இல் இடித்துவிட்டார்கள், இது மட்டும் நின்றது. நானூறு மாடுகளைக் கட்டி இழுத்தும் சாயவில்லை என்று ஊரில் கதை சொல்வார்கள். உச்சியில் பிறைக்கு மேல் ஒரு சிலுவை. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அம்மா இதில் ஏறக் கூடாது. நீங்களும் யோசித்து ஏறுங்கள். சுழல் படி அவ்வளவு குறுகல், தோள் இரண்டு பக்கமும் சுவரில் உரசும்; எதிரில் ஒருவர் இறங்கினால் யாராவது பின்வாங்கித்தான் ஆக வேண்டும். நான் ஏறியபோது முதுகுப்பையை மார்பில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். மேலே நிற்கிற இடமும் ஓர் ஆள் அகலம்தான். காட்சி பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய அதே காட்சி கோட்டை மேட்டிலிருந்தும் கிடைக்கும். கோட்டைக்குள் போகும் பாதை கல் பாவிய சரிவு. கைப்பிடித்து மெதுவாக நடந்தால் அம்மாவால் முடியும். தேய்ந்த செருப்பு மட்டும் வேண்டாம், அந்தக் கற்கள் வழவழப்பானவை. உள்ளே சுரங்கப் பாதைகளுக்கு வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். எதிரி சுரங்கம் தோண்டுவதைக் கண்டுபிடிக்க முரசின் மேல் பட்டாணியைப் பரப்பி, அது துள்ளுகிறதா என்று பார்த்த கதையை அங்கே கேட்கலாம். சுரங்கத்துக்குள் மே மாதத்திலும் சில்லென்றிருக்கும், ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் கார்தோனி கேஸாவின் கல்லறை இருக்கிறது. இந்த முற்றுகையை நாவலாக எழுதியவர். ஹங்கேரியப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் படிக்கிற நாவல் அது, அதனால்தான் அந்த நாட்டில் எகெர் தெரியாதவர் இல்லை. கல்லறையில் மூன்றே சொல்லில் ஒரு வரி: ‘அவன் உடல் மட்டும்’.

எகெரில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோட்டையைவிட லைசியம்தான். பசிலிக்காவுக்கு எதிரில் இருக்கும் பெரிய கட்டடம். 18ஆம் நூற்றாண்டில் எஸ்தெர்ஹாசி காரோய் என்ற ஆயர் பல்கலைக்கழகம் தொடங்க ஆசைப்பட்டுக் கட்டினார், அப்போது ஹங்கேரியை ஆண்ட வியன்னா அரசு அனுமதி தரவில்லை. நூலகத்தின் கூரையைப் பாருங்கள்: கோதிக் தூண்களும் வளைவுகளும் உயர எழும்புவது போலத் தெரியும், எல்லாம் 1778இல் தீட்டிய ஓவியம். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கக் காட்சி அது. ஒரு மூலையில் மின்னல் இறங்கி மதவிரோதப் புத்தகங்களை எரிக்கிறது. நூலகத்தின் தலைக்கு மேலேயே இப்படி ஒரு படம்! கோபுரத்தின் உச்சியில் ஓர் இருட்டறை. நடுவில் வெள்ளை மேசை. கூரையில் உள்ள கண்ணாடியை வழிகாட்டி மெல்லத் திருப்பத் திருப்ப, வெளியே இருக்கும் ஊர் அந்த மேசையில் வந்து விழும். கார் ஊர்கிறது, கொடி ஆடுகிறது, சதுக்கத்தில் யாரோ குனிந்து எதையோ எடுக்கிறார்கள், சத்தமே இல்லாமல். மின்சாரம் வருவதற்கு முந்தைய காலத்து சிசிடிவி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிகள் நிறைய, அதனால் அம்மா நூலகத்தோடு நிறுத்திக்கொண்டு எதிரில் பசிலிக்காவில் உட்காரட்டும். 1837இல் கட்டி முடித்த பெரிய தேவாலயம் அது; சுற்றுலாப் பருவத்தில் நண்பகலை ஒட்டி ஆர்கன் இசை இருக்கும், நேரம் வாசலில் போட்டிருப்பார்கள்.

கோட்டைக்குப் போகும் வழியில் கொஷூத் லாயோஷ் தெருவில் மாவட்ட நிர்வாகக் கட்டடத்தின் நுழைவு வளைவுக்குள் எட்டிப் பாருங்கள். இரண்டு இரும்புக் கதவுகள், ஃபசோலா ஹென்ரிக் என்ற கொல்லர் செய்தவை. இரும்பில் திராட்சைக் கொத்தும் கொடியும் அப்படிச் சுருண்டு தொங்கும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்.

திராட்சை என்றதும் ஒயின். ‘பிகாவேர்’, அதாவது ‘காளை ரத்தம்’ என்ற சிவப்பு ஒயின் இந்த ஊரின் அடையாளம். முற்றுகையின்போது வீரர்கள் சிவப்பு ஒயினைக் குடித்துத் தாடியெல்லாம் சிவந்து நிற்க, காளை ரத்தம் குடிக்கிறார்கள் என்று எதிரி பயந்து ஓடினான் என்பது கதை. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் சிவப்புத் திராட்சை இங்கே பரவியதே பிற்பாடுதான். மலைச்சரிவின் மென்கல்லைக் குடைந்து செய்த நிலவறைகள் வரிசையாக இருக்கும் இடம் சேபஸோன் வெல்ஜ், ‘அழகியின் பள்ளத்தாக்கு’. ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் கேன் கொண்டு வந்து பீப்பாயிலிருந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். தரம் கடைக்குக் கடை மாறும், கூவி அழைக்கிற இடத்தில் நின்றுவிட வேண்டாம். குடிக்காதவர்களும் மாலையில் சும்மா பார்த்து வரலாம். நடுவூரிலிருந்து சின்னச் சுற்றுலா ரயில் வண்டி ஓடும், அம்மாவுக்கு அது போதும். அம்மாவுக்கு இன்னொரு நல்ல இடம் 17ஆம் நூற்றாண்டுத் துருக்கிக் குளியல் கூடம். வெந்நீர் ஊற்று, மூட்டுக்கு இதம். நீச்சலுடை கட்டாயம், சேலை நைட்டியோடு இறங்க விட மாட்டார்கள். ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

சாப்பாடுதான் இந்தப் பயணத்தில் உண்மையான சிக்கல். ஹங்கேரியச் சமையலில் பன்றிக்கொழுப்பு சகஜம், அதன் பெயர் ‘ஷீர்’. காய்கறி சூப் என்று வருவதில் இறைச்சிச் சாறு இருக்கும், பீன்ஸ் சூப்பில் புகையிட்ட இறைச்சி இருக்கும். தயிர்க்கட்டி போட்ட ‘தூரோஷ் சூஸ’ நூடுல்ஸ் சைவம் போலத் தோன்றும், மேலே வறுத்த பன்றித் துண்டைத் தூவிவிடுவார்கள். ‘நெம் எஸெம் ஹூஷ்த்’ என்று சொல்லுங்கள்: நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் மீனை இறைச்சியில் சேர்க்காதவர்கள் உண்டு, அதனால் மீன், இறைச்சிச் சாறு, பன்றிக்கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று ஹங்கேரிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைப் போனில் வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. இறைச்சி இருக்காது என்று நம்பி வாங்கக் கூடியவை (முட்டை கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்): பொரித்த சீஸும் சாதமும், புளிப்புச் செர்ரிப் பழத்தில் செய்த குளிர்ந்த சூப், கசகசாவோ தயிர்க்கட்டியோ வைத்துச் சுருட்டிய ‘ரேதெஷ்’. காளான் பாப்ரிகாஷ் நம் நாக்குக்கு நெருக்கமானது, ஆனால் கூட வரும் உருண்டை நொகெத்லியில் முட்டை உண்டு; அம்மாவுக்கு முட்டையும் ஆகாது என்றால் சாதம் கேளுங்கள். அறையில் கெட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, ஒரு பாக்கெட் ரெடிமேட் உப்புமா கையோடு வைத்திருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் ஃபோரிண்ட், யூரோ கிடையாது. கார்டு பெரும்பாலான இடங்களில் செல்லும். மெஷின் ‘ரூபாயிலா ஃபோரிண்டிலா’ என்று கேட்டால் ஃபோரிண்டை அமுக்குங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இடிக்கும்.

எந்தக் கிழமை என்பது முக்கியம். ஹங்கேரியில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். நான் முதல்முறை ஒரு திங்களன்று போய், கோட்டையின் கண்காட்சிக் கதவுகளை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். செவ்வாய் முதல் வியாழனுக்குள் போனால் அறை வாடகையும் குறைவாகக் கிடைக்கும்.

கடைசியாக விசா. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு வியன்னா மூன்று, ஹங்கேரி நான்கு, ஆகவே ஹங்கேரி. எகெரில் தங்கும் இரவும் ஹங்கேரிக் கணக்கில்தான் வரும், அதனால் அதில் மாற்றமில்லை. ஆனால் ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடப் பதிவு காட்ட வேண்டியிருக்கும். புடாபெஸ்டில் நான்கு இரவும் பதிந்துவிட்டு எகெர் இரவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ரத்து செய்யக்கூடிய அறையாக டோபோ சதுக்கத்துக்கு நடக்கும் தூரத்தில், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு, விண்ணப்பத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது.