பரணைக் காட்டிவிட்டு விலை கேளுங்கள்

பள்ளித் தேர்வுகள் முடிந்தால் போதும், சென்னையில் தெருவுக்கு ஒரு லாரி வந்து நின்றுவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊர்விட்டு ஊர் குடிபோகிறவர்கள் எழுதியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். லாரிக்காரர்கள் மீதான வசைகளை நீக்கியிருக்கிறேன். அவற்றில் பலவும் நியாயமானவைதான்.

அம்பத்தூரிலிருந்து புனேவுக்கு மாற்றலாகிறோம். இரண்டு படுக்கையறை வீடு. போனில் விசாரித்ததில் 19,000, 34,000, 37,500 என்று மூன்று விலை சொல்கிறார்கள். 19,000-க்கே பேசி முடித்துவிடலாமா?
*அம்பத்தூர் வாசகர்*

மூவரில் ஒருவராவது வீட்டுக்கு வந்து பார்த்தாரா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பார்க்காமல் சொன்னது விலை அல்ல, தூண்டில். 19,000-ல்தான் முள் பெரிதாக இருக்கும்.

புனே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். டீசல், டோல், டிரைவர் பேட்டா, இரண்டு ஊரிலும் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் யாருக்கும் சலுகையில் கிடைப்பதில்லை. விலை பாதியாகக் குறைந்தால் பெரும்பாலும் உங்கள் சாமான் தனி லாரியில் போகவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களின் சாமான் சேரும்வரை கிடங்கில் காத்திருக்கும். வழியில் லாரி மாறவும் மாறும். அது குற்றமல்ல. ஆனால் அதைப் பணம் கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். தனி லாரியா, பங்கு லாரியா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆளை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். வந்தவருக்குக் கூடத்தையும் படுக்கையறையையும் காட்டிக் காப்பி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பரணைக் காட்டுங்கள். நம் குடித்தனத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது: கொலுப்படி, வைக்கோல் சுற்றிய பொம்மைப் பெட்டிகள், பித்தளை அண்டா, யாரும் அரைக்காத அம்மி. ஏற்றும் நாளில் இவை ஒவ்வொன்றாக இறங்கும்போதுதான் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "சார், இது லிஸ்டில் இல்லையே" என்பார். அந்த நேரத்தில் அவர் சொல்வதுதான் விலை. மாடி ஏறும் கூலி, ஏ.சி.யைக் கழற்றும் கூலி, தெருவுக்குள் லாரி நுழையாவிட்டால் குட்டி யானையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாடகை, 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை சேர்த்துத்தானா, தனியா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் லாரி வாடகையைத் தவிர வேறு செலவே இல்லை. புனே வீட்டுக்காரர் அட்வான்ஸை முன்னால் கேட்பார். சென்னை வீட்டுக்காரர் நீங்கள் காலி செய்து, சுவரைப் பார்த்து, பெயிண்ட் கணக்குப் போட்ட பிறகுதான் திருப்பித் தருவார். இந்த இடைவெளியில்தான் நடுத்தரக் குடும்பம் கிரெடிட் கார்டில் விழுகிறது. இதோடு இரு ஊரிலும் ஒரே மாதத்துக்கு வாடகை, பள்ளிச் சேர்க்கைப் பணம், சாமான் வரும்வரை ஓட்டல் சாப்பாடு. இவற்றை முதலில் எழுதிக்கொண்டு, லாரி வாடகையைக் கடைசியில் எழுதுங்கள்.

கணவருக்கு ஜூலை கடைசியில் கோவையில் வேலையில் சேர வேண்டும். ஆடியில் வீடு மாறக் கூடாது என்கிறார் மாமியார்.
*வேளச்சேரி வாசகி*

ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் கோவைக்குப் போய்ப் பால் காய்ச்சி, விளக்கையும் உப்பையும் அரிசியையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சாமான் ஆடியில் போகட்டும். லாரிக்குப் பஞ்சாங்கம் கிடையாது. மாமியாருக்கும் மனக்குறை இருக்காது.

ஆறு வருடப் பழைய அலமாரி, கம்ப்யூட்டர் மேசை, சோபா. டெல்லிக்குக் கொண்டுபோவது லாபமா?
*போரூர் வாசகர்*

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் விற்றுவிடுங்கள். ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகு நிற்காது. ஆடித் தள்ளுபடியில் 7,000 ரூபாய்க்கு நான் வாங்கிய அலமாரியை இரண்டு ஊருக்குச் சுமந்திருக்கிறேன். சுமந்த கூலி அதன் விலையைத் தாண்டிய பிறகும் மனம் வரவில்லை. மூன்றாவது மாற்றலில் மாடிப்படியில் அதுவே தன் முடிவைத் தேடிக்கொண்டது. தேக்கு என்றால் கொண்டுபோங்கள்.

சென்னையிலிருந்து ஹைதராபாத் வந்தோம். பில்லில் 'இன்சூரன்ஸ் 3%' என்று 6,000 ரூபாய் வாங்கினார்கள். 43 அங்குல டி.வி. விரிசலோடு வந்தது. கேட்டால், "ஓனர் ரிஸ்க், அதாவது சேதமானால் சாமானுக்குரியவரே பொறுப்பு என்று ரசீதில் போட்டிருக்கிறதே" என்கிறார்கள்.
*முன்பு குரோம்பேட்டை, இப்போது ஹைதராபாத் வாசகி*

அம்மா, இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

2008-ல் நான் நாக்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பியபோது, இதே சொல்லுக்காக 2,400 ரூபாய் கொடுத்தேன். குளிர்சாதனப் பெட்டி கதவு நசுங்கி வந்து சேர்ந்தது; ஸ்விட்ச் போட்டால் உறுமியது, குளிரவில்லை. பாலிசி எண் என்ன என்று போனில் கேட்டேன். மேலாளர் தயங்காமல் ஐந்து இலக்கம் சொன்னார். நானும் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். அது அவருடைய பில் புத்தகத்தின் வரிசை எண் என்பது, என் கையிலிருந்த பில்லின் வலது மூலையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஊருக்குப் புத்தி சொல்கிறவனின் லட்சணம் இது.

இன்சூரன்ஸ் பாலிசி வழங்க உரிமை பெற்றவை காப்பீட்டு நிறுவனங்கள் மட்டும்தான். லாரிக் கம்பெனி அவற்றிடமிருந்து உங்களுக்கு வாங்கித் தரலாம். தானே ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டால் அதன் பெயர் இன்சூரன்ஸ் அல்ல. உண்மையான தாளில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், உங்கள் பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர், காப்பீட்டுத் தொகை இத்தனையும் இருக்கும். லாரி கிளம்பும் முன் அது கைக்கு வர வேண்டும். வந்தாலும் எந்த வகை என்று பாருங்கள். உள்நாட்டுச் சரக்குக் காப்பீட்டில் 'ஏ' வகைதான் பொதுவாக எல்லா ஆபத்துக்கும் உரியது. 'பி' வகை தீ, மோதல், வண்டி கவிழ்தல் போன்றவற்றோடு நின்றுவிடும். லாரி கவிழாமல் உங்கள் டி.வி. மட்டும் உடைந்தால் காசு வராது. சிலர் 'எஃப்.ஓ.வி.' என்று பில்லில் எழுதுவார்கள். சரக்கின் மதிப்பைப் பார்த்து லாரிக்காரரே பொறுப்பேற்க வாங்கும் கட்டணம் அது. அதை வாங்கிக்கொண்டு 'ஓனர் ரிஸ்க்' என்று முத்திரையும் குத்துவது, குடைக்கு வாடகை வாங்கிக்கொண்டு மழையில் நிற்கச் சொல்வதுதான்.

அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அப்படி எழுதிக்கொண்டதால் மட்டும் சரக்கு ஏற்றுபவர் தன் கவனக்குறைவின் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சாமானை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்தான் கெடு. இதைத் தவறவிடாதீர்கள். டி.வி.யைச் சரிசெய்யும் முன் மெக்கானிக்கிடம் பழுது பற்றி எழுதி வாங்குங்கள். நோட்டீசில் டி.வி.க்கு இழப்பீடு கேளுங்கள். 'பாலிசியைக் காட்டு, இல்லையென்றால் 6,000-ஐத் திருப்பிக் கொடு' என்பதையும் சேருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு வர வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

எல்லாப் பெட்டியும் வந்தது, ஒன்றைத் தவிர. அதில்தான் நகைப்பை இருந்தது. பட்டியல் எடுக்கவில்லை. அவசரத்தில் 'அனைத்தும் சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.
*அடையாறு வாசகர்*

நகையை லாரியில் ஏற்றிவிட்டு, பட்டியலும் எடுக்காமல், எல்லாம் வந்துவிட்டது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். நான் என்ன எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நகை ரசீதுகளைத் தேடி எடுங்கள். நகை, பத்திரம், சான்றிதழ் எல்லாம் உங்கள் மடியில்தான் பயணம் செய்ய வேண்டும்.

பெங்களூருக்கு 22,000 ரூபாய் பேசி முழுப் பணமும் கட்டிவிட்டோம். அத்திபெலேயில் லாரியை நிறுத்திவிட்டு, சாமான் அதிகம், இன்னும் 14,000 கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். குழந்தை இரண்டு இரவு வெறும் தரையில் படுத்தது. கடைசியில் கொடுத்துவிட்டேன். முட்டாளாகிவிட்டேனா?
*முன்பு மடிப்பாக்கம், இப்போது பெங்களூரு வாசகர்*

இல்லை. வெறும் தரையில் குழந்தை படுத்திருக்கும்போது யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். வீரம் பேச நேரம் பார்த்தா லாரியை நிறுத்தினார்கள்?

பணம் போய்விட்டதால் உரிமை போய்விடவில்லை. அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், அழைப்பு நேரங்கள், பணம் போன வங்கிப் பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 'வேறு வழியின்றி, என் எதிர்ப்போடு கொடுத்தேன்' என்று இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் 14,000-ஐத் திருப்பிக் கேளுங்கள். குழந்தை தரையில் படுத்ததற்கும் கேளுங்கள். இதே நிலையில் இப்போது மாட்டிக்கொண்டிருப்பவர்கள், லாரி எண்ணைச் சொல்லி 112-ஐ அழைக்கலாம். ஒப்படைத்த சரக்கில் நம்பிக்கை மோசடி செய்யும் போக்குவரத்துக்காரருக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பிரிவின் எண்ணைச் சொன்னதுமே சில லாரிகள் தானாகக் கிளம்பியிருக்கின்றன.

'ஈ-வே பில்' கட்டணம் 1,500 கேட்கிறார்கள்.
*பெரம்பூர் வாசகி*

ஈ-வே பில் என்பது சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு; புழங்கிய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை. கொடுக்காதீர்கள்.

இணையத்தில் பார்த்த கம்பெனி. பிரபலமான பெயர்தான். முன்பணமாக யு.பி.ஐ.யில் 9,000 அனுப்பினேன். மறுநாளிலிருந்து அவர்கள் போன் அணைந்துகிடக்கிறது.
*கொளத்தூர் வாசகர்*

பிரபலமான பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை எனக்கு எழுதிய நேரத்தில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சைபர் மோசடியில் முதல் சில மணி நேரம்தான் பணத்தை மடக்க வாய்ப்பு. இப்போதும் அழையுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு: ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து பதினைந்து இடம், தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33-ல் தொடங்கும். அங்கே காட்டும் பெயரும், பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

பைக்கை ரயிலில் அனுப்பலாமா? எண் மாற்ற வேண்டுமா?
*தாம்பரம் வாசகர்*

அனுப்பலாம். பார்சல் அலுவலகத்தில் ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டு, சாக்கு சுற்றிக் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் எடுக்கத் தாமதித்தால் அதற்கும் கட்டணம் ஏறும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும்; கிளம்பும் முன் இங்கே ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

எங்கள் சாமானோடு யாருடையதோ ஒரு குத்துவிளக்கும் வந்துவிட்டது. கம்பெனிக்காரர், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். மனம் ஒப்பவில்லை.
*நங்கநல்லூர் வாசகி*

ஒப்பாதுதான். படம் எடுத்து, லாரி ரசீது எண்ணோடு கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே லாரியில் வந்த மற்றவர்களைத் தொடர்புகொள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அவர்களில் ஒருவர் இப்போது விளக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

நாக்பூர் லாரியில் எனக்கும் ஒன்று வந்தது: கழுத்தில் நசுங்கிய எவர்சில்வர் தூக்கு. அடியில் பெயரின் முதலெழுத்துகளும் ஒரு வருடமும் வெட்டியிருக்கிறது. அந்தக் கம்பெனி அடுத்த ஆண்டே மூடிவிட்டது. என் மனைவி அதில் இட்லி மாவு வைக்கிறாள். புளித்துப் பொங்கும் நாளில் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். 2008-ல் நாக்பூரிலிருந்து பங்கு லாரியில் சாமான் அனுப்பியவர் யாராவது இதைப் படித்தால், அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகளையும் வருடத்தையும் எழுதி அனுப்புங்கள். கழுவித் துடைத்து, என் செலவில் அனுப்பிவைக்கிறேன்.