தியானத்தில் வந்த தெளிவு ஆபீஸில் ஏன் நிற்பதில்லை?

தியான முகாமில் கிடைத்த அமைதி திங்கட்கிழமை பஸ் நெரிசலிலேயே கரைந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமைதியைப் பொத்திப் பாதுகாக்க நினைப்பதுதான் சிக்கல் என்பேன். 1896இல் மதுரை வீட்டில் 16 வயது ரமணருக்கு (பின்னாளில் திருவண்ணாமலை ரமண மகரிஷி) மரண பயம் வந்தது. அவர் அதை விரட்டவில்லை, சாவது எது என்று உள்ளே பார்த்தார். பிற்பாடு தன்னிடம் வந்த குடும்பஸ்தர்களை வேலையை விடச் சொல்லவில்லை; 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தைத்தான் விடச் சொன்னார். அவரே விடியுமுன் ஆசிரம அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கியவர்.

மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார் என்று வையுங்கள். சுருக்கென்று தைக்கும். மனசுக்குள் அவர்மேல் வழக்கு நடத்தாமல், 'இது யாருக்கு வலிக்கிறது?' என்று கேளுங்கள். 'எனக்கு' என்று வரும். 'அந்த நான் யார்?' இதற்கு வார்த்தையில் பதில் தேட வேண்டாம். கவனம் எண்ணத்தை விட்டு, எண்ணுகிறவன் பக்கம் திரும்பினால் போதும். மந்திரம்போல முணுமுணுத்தால் பிரயோஜனமில்லை (ஒரு வருஷம் நான் அப்படித்தான் வீணடித்தேன்).

ஆரம்பத்தில் ராத்திரி படுக்கும்போதுதான் கேள்வி ஞாபகம் வரும். அப்போது கேட்டாலும் சரிதான். எனக்கு இப்போதெல்லாம் சாயங்கால டீக்குள் வந்துவிடுகிறது.