பதில் வராத சர்வரும் இருமுறை போன ஆர்டரும்

கேள்வி: எங்கள் மொத்த விற்பனைக் கடைக்காகப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். இரவு 11 மணிக்கு அது சப்ளையரின் சர்வரிலிருந்து விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு, இருப்புக் குறைந்த பொருள்களுக்கு ஆர்டரும் அனுப்பிவிடும். ஒருநாள் காலையில் பார்த்தால், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் ஒரே கோரிக்கையில் விடிய விடிய நின்றிருந்தது. அதன்பின் டைம்அவுட் (காத்திருப்புக்கான கெடு) 10 நொடி என்று வைத்து, எந்தப் பிழை வந்தாலும் மறுபடி முயலும்படி ஒரு லூப்பையும் சேர்த்தேன். அடுத்த வாரமே ஓர் ஆர்டர் இரண்டு முறை பதிவாகிவிட்டது. எங்கே தவறினேன்?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள், முதலாவதற்குக் கொடுத்த மருந்தே இரண்டாவதை வரவழைத்திருக்கிறது.

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில், டைம்அவுட்டை நாமாகக் குறிப்பிடாவிட்டால் காத்திருப்புக்கு எந்தக் கெடுவும் கிடையாது. இணைப்பை உண்டாக்கும் கட்டத்திலாவது இயங்குதளம் ஓர் எல்லை வைத்திருக்கிறது; வழக்கமான லினக்ஸ் அமைப்பில், பதில் இல்லாத முதல் பாக்கெட்டை (சிறு தரவுத் துண்டை) மேலும் சில முறை அனுப்பிப் பார்த்துவிட்டு ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் கைவிட்டுவிடும். ஆனால் இணைப்பு கிடைத்து, கோரிக்கையும் போய்ச் சேர்ந்து, பதிலை எதிர்பார்த்திருக்கும் வேளையில் எதிர்முனை சத்தமில்லாமல் மறைந்துபோனால், நம் பக்கம் அனுப்புவதற்கு எதுவும் மிச்சமில்லாததால், இணைப்பு அறுந்துவிட்டது என்பதே தெரியாமல் நம் கணினி காத்துக்கொண்டே இருக்கும். அன்றிரவு உங்கள் ஸ்கிரிப்ட் நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே டைம்அவுட் வைத்தது சரியே. ஆனால் அதை ஒரே எண்ணாகக் கொடுக்காமல், இணைப்புக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என இரண்டாகக் கொடுங்கள். ரிக்வெஸ்ட்ஸின் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக வருவது 3.05 நொடியும் 27 நொடியும். இரண்டாவது எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது முழுப் பதிலும் வந்து முடிவதற்கான கெடு அன்று. அடுத்த துளித் தரவு வருவதற்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்கான கெடு மட்டுமே. 20 நொடிக்கு ஒரு பைட்டாகச் சொட்டும் சர்வரிடம் அந்த 27 நொடி ஒருபோதும் தீராது. மொத்த நேரத்துக்கும் எல்லை வேண்டுமென்றால், லினக்ஸில் 'டைம்அவுட்' என்ற பெயரிலேயே இருக்கும் கட்டளையின் கீழ் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

இனி இருமுறை போன ஆர்டர். 'எந்தப் பிழை வந்தாலும்' என்று எழுதினீர்களே, அங்கேதான் தவறு நுழைந்திருக்கிறது. சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது, இணைப்புக்கான கெடு முடிந்தது ஆகிய மூன்றிலும் உங்கள் ஆர்டர் கணினியை விட்டுப் புறப்படவே இல்லை. தயங்காமல் மறுபடி அனுப்பலாம். பதிலுக்கான கெடு முடிந்தாலோ, இணைப்பு நடுவில் அறுந்தாலோ நிலைமை வேறு. ஆர்டர் போய்ச் சேர்ந்து பதிவாகியும் இருக்கலாம். நமக்கு வராமல் போனது ரசீது மட்டுமாக இருக்கலாம். அந்தப் பிழைக்கு 'நடக்கவில்லை' என்று பொருளில்லை, 'நடந்ததா என்று தெரியாது' என்றே பொருள். உங்கள் சப்ளையரின் சர்வர் பதிவு செய்து முடிக்க 10 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கும். அதற்குள் உங்கள் லூப் அடுத்த ஆர்டரை அனுப்பிவிட்டது.

விலைப்பட்டியலை எடுக்கும் 'கெட்' கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் கேடில்லை. ஆர்டர் அனுப்பும் 'போஸ்ட்' அப்படியன்று. இணையக் கோரிக்கைகளுக்கான விதிமுறையாகிய எச்டிடிபியின் 2022ஆம் ஆண்டு வரையறையும், திரும்ப அனுப்பினால் விளைவு மாறக்கூடிய கோரிக்கைகளைத் தகுந்த உறுதியில்லாமல் தானாக மறுபடி அனுப்பக்கூடாது என்றே சொல்கிறது. எனவே முதல் முயற்சிக்கு முன்பே ஒவ்வோர் ஆர்டருக்கும் தனி எண் ஒன்றை உருவாக்கிக் கோப்பில் எழுதிவையுங்கள். மறுமுயற்சி எல்லாவற்றிலும் அதே எண் போகட்டும். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் புது ஆர்டராக எடுத்துக்கொள்ளாத வசதி சர்வரில் உண்டா என்று சப்ளையரிடம் கேளுங்கள். இல்லையென்றால், மறுபடி அனுப்பும் முன் அன்றைய ஆர்டர் பட்டியலை வாங்கி, அந்த எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிரலில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ரிக்வெஸ்ட்ஸில் 'கனெக்‌ஷன்எரர்' என்ற ஒரே பெயரில் மறுக்கப்பட்ட இணைப்பும் வரும், நடுவில் அறுந்த இணைப்பும் வரும். ஆகவே அதை முழுவதும் பாதுகாப்பானதாகக் கொள்ளாதீர்கள். இணைப்புக்கான கெடு முடிந்ததைச் சொல்லும் 'கனெக்ட்டைம்அவுட்' அதன் உட்பிரிவு என்பதால், பிழைகளைப் பிடிக்கும் எக்செப்ட் வரிகளில் 'கனெக்ட்டைம்அவுட்'டை முதலில் எழுத வேண்டும். சர்வர் 500 (சர்வரின் உள்பிழை) என்று பதில் அனுப்பினால் ரிக்வெஸ்ட்ஸ் தானாகப் பிழை எழுப்பாது. 'ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ்' என்ற செயற்கூறை நீங்கள்தான் அழைக்க வேண்டும். 401 (அடையாளச் சான்று சரியில்லை), 404 (கேட்டது அங்கே இல்லை) போன்றவற்றுக்கு மறுமுயற்சி வீண்.

மறுமுயற்சிகளுக்கு இடையில் 1, 2, 4, 8 நொடி என இடைவெளியை இரட்டிப்பாக்கி, கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேர்த்து, ஐந்தாவதோடு நிறுத்துங்கள். 429 (அளவுமீறிய கோரிக்கைகள்), 503 (இப்போதைக்குச் சேவை இல்லை) பதில்களோடு சர்வரே காத்திருப்பு நேரம் சொல்லி அனுப்பினால் அதற்குக் கட்டுப்படுங்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதன்று. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கெஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் தாமதமான பாக்கெட்டுகளைத் தொலைந்தவை என்று கருதிக் கணினிகள் அவசரமாக மறுபடி அனுப்பியதால் நெரிசல் இன்னும் பெருகியது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் கொண்டுவந்த திருத்தங்களில், இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போவதும் ஒன்று. உங்கள் இடைவெளியற்ற லூப், சிறிய அளவில், அந்தப் பழைய தவறையே செய்கிறது.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதிய செயலி என் மடிக்கணினியில் ஓடுகிறது. அதே வைஃபையில் இருக்கும் நண்பரின் ஸ்கிரிப்ட் அழைத்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட், 111' என்று உடனே வருகிறது. டைம்அவுட்டைக் கூட்டினால் சரியாகுமா?
- மாணவர், நாகர்கோவில்

பதில்: ஆகாது. அந்த எண்ணுக்குப் பொருள், உங்கள் கணினி வரை கோரிக்கை வந்துவிட்டது, அந்தப் போர்ட்டில் (செயலிக்கான இணைப்பு வாயிலில்) கேட்பதற்குத்தான் யாரும் இல்லை என்பது. அதனாலேயே மறுப்பு உடனே வருகிறது. ஃபிளாஸ்க் வழக்கமாக 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே கேட்கும். அதாவது, அதே கணினியிலிருந்து வருவதை மட்டும். ஹோஸ்ட்டை 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று மாற்றுங்கள். அதன்பிறகு மறுப்புக்குப் பதிலாக டைம்அவுட் வந்தால், ஃபயர்வால் பாக்கெட்டுகளை ஓசையின்றி விழுங்குகிறதா என்று பாருங்கள். மாற்றும் முன் டீபக் மோடை (பிழைதேடும் நிலையை) அணைத்துவிடுங்கள். அதன் பிழைப் பக்கத்திலிருந்தே உங்கள் கணினியில் நிரல் ஓட்ட வழி உண்டு, அதற்குத் தடையாக நிற்பது 'பின்' என்ற ரகசிய எண் ஒன்று மட்டுமே.