மறுசுழற்சித் தாள் என்றால் கிழியத்தான் வேண்டுமா?

கேள்வி: வீட்டிலேயே வர்க்கி செய்து விற்கிறேன். மறுசுழற்சிப் பழுப்புத்தாள் பைகள் முதல் முறை உறுதியாக இருந்தன. அதே வியாபாரி அடுத்து அனுப்பிய 1,000 பைகளும் அடியில் கிழிகின்றன. கேட்டால், 'மறுசுழற்சி என்றால் அப்படித்தான்' என்கிறார். (குன்னூர்)

பதில்: அப்படியில்லை, அம்மா, அது தப்பிக்கும் பேச்சு. இழைகள் ஒவ்வொரு முறை காய்ந்து மறுபடி கூழாகும்போதும் விறைத்து, நீரில் ஊறிப் பிணையும் தன்மையை ஓரளவு இழப்பது உண்மைதான். அதை ஈடுகட்டத்தான் ஆலையில் கூழை அரைக்கிறார்கள். குறைவாக அரைத்தால் தாளுக்கு வலு வராது. மிகுதியாக அரைத்தால் இழை துண்டாகி, கூழிலிருந்து நீர் வடியாது. ஆகவே, நீர் வடியும் வேகத்தையும் கூழின் அடர்த்தியையும் வேளைதோறும் அளந்து, வந்திறங்கும் பழைய அட்டையின் தரம் மாறும்போதெல்லாம் அரைப்பைத் திருத்துகிற ஆலையின் தாள் மாதத்துக்கு மாதம் மாறாது. அளக்காத ஆலையின் தாளோ அன்றைக்கு வந்த லாரியைப் பொறுத்தது. நம்மிடம் வந்து சேர்வதில் பாதி இந்த இரண்டாம் வகைதான் என்பது என் நெடுநாள் எரிச்சல். பைகளை ஆடி மாத ஈரத்தில் தரையில் அடுக்கியிருந்தாலும் தாள் வலுவிழக்கும். அப்படி வைக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வணிகத்துக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் விலக்கினாலும், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை விலக்கவில்லை. உதவி எண் 1915. அடுத்த முறை ஜிஎஸ்எம் மட்டும் கேட்காதீர்கள், அது ஒரு சதுர மீட்டர் தாளின் வெறும் எடை. அழுத்தத்தில் தாள் வெடிக்காமல் தாங்கும் வலிமையைக் குறிக்கும் பி.எஃப். எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 10 டஜன் மறுசுழற்சி நோட்டுகள் வாங்கினேன். பேனா மை பரவுகிறது. பில் இல்லை. (கூடலூர்)

பதில்: ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? கூழில் மை ஊறலைத் தடுக்கும் பொருள் போதவில்லை. பென்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய செய்தித்தாளில் பஜ்ஜி மடித்துத் தரலாமா? (உதகை)

பதில்: கூடாது. சட்டமும் அனுமதிக்கவில்லை.

கேள்வி: மறுசுழற்சி உறைகளில் கரும்புள்ளிகள், சில ஒன்றோடொன்று ஒட்டியும் கிடக்கின்றன. (கோத்தகிரி)

பதில்: இவை இரண்டு வெவ்வேறு குறைகள். கூழுக்குள் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, மையை நுரையோடு மேலே ஏற்றி வழித்தெடுக்கும் கட்டம் சரியாக நடக்காததால் தங்குவன அந்தப் புள்ளிகள். பெரும்பாலும் கண்ணுக்குத்தான் உறுத்தல். ஒட்டுவதோ செலோடேப், லேபிள் ஆகியவற்றின் பசை. கூழைச் சூடாக்கினால் அது இளகி, நுண்ணிய சல்லடையிலும் நெளிந்து நுழைந்துவிடும். உறைகளைத் திருப்பிக் கொடுங்கள். என் மகளின் காதுகுத்துக்கு இப்படிப்பட்ட 300 உறைகளை மாதிரி பார்க்காமல் வாங்கி, இரவெல்லாம் கத்தியால் பிரித்தவன் நான், 40 தேறின.