75 கியாட் நோட்டும் இரண்டு வீசைப் பிள்ளையும்

பெரியம்மா பதில்கள்

கேள்வி: பெரியம்மாவுக்கு வணக்கம். எனக்கு இது இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம் நடக்கிறது. தலைச்சன் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். வீட்டுக்காரர் தாய்லாந்தில் வேலையில் இருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து தட்டோன் டவுனுக்கு ஓடை தாண்டிப் போக வேண்டும். இப்போது இருக்கிற நிலைமையில் ராத்திரி வண்டி எடுக்க யாரும் வருவதில்லை. "உன் வீட்டுக்காரனையே நான் வீட்டில்தான் பெற்றேன், மருத்துவச்சி லெத்தேயைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். நீங்களும் வீட்டில் பெற்றவர் என்று அம்மா சொன்னார். நம்பி இருக்கலாமா?

தட்டோன் பக்கத்து வாசகி

பதில்: மகளே, அம்மா சொன்னது உண்மைதான். என் மூத்தவன் வீட்டில்தான் பிறந்தான். ஆனால் அவன் ஏன் வீட்டில் பிறந்தான் என்பதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களிடம் காசு இருந்தது, அது செல்லவில்லை.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. நம் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று சொல்வார்கள். 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று பர்மா ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நான் பேறுகாலச் செலவுக்கென்று ஓவல்டின் டப்பாவில் ஆறு 75 கியாட் நோட்டு சேர்த்து வைத்திருந்தேன். ஜீப் வாடகை, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சோறு, மருந்து எல்லாம் அதில்தான். காலையில் பணம், மத்தியானம் காகிதம். மாமனார் அந்த நோட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, அதில் வேறு ஏதோ எழுதியிருக்கும் என்பது போல.

புதன்கிழமை ராத்திரி இடுப்பு வலி எடுத்தது. முதலில் சூட்டு வலி என்று நினைத்துச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சூட்டு வலியாக இருந்தால் அதில் அடங்கும், இல்லாவிட்டால் வலி வலுக்கும் என்பது நம் வீடுகளில் கணக்கு. வலுத்தது. ஆவணி மாதம், நம் பக்கத்து மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் கையிலிருந்த ஐந்து, பத்து கியாட் சில்லறையோடு இரண்டு கூடை நெல்லையும் தருகிறேன் என்று ஜீப்காரரைக் கேட்கப் போனார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அந்த வாரம் பெட்ரோல் விற்றவனும் எந்த நோட்டையும் வாங்கவில்லை, ஜீப்காரரும் வாங்கவில்லை. வண்டி வெறுமனே நின்றது.

அப்புறம்தான் லெத்தே வந்தார். (பர்மாவுக்கு வெளியே படிப்பவர்களுக்கு: லெத்தே என்றால் நாம் மருத்துவச்சி என்பது.) மோன் இனத்துக் கிழவி, எழுபது வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் விழுந்தவர்கள். கொடி அறுக்க மூங்கில் பிளாச்சு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார், அதுதான் அவர்கள் வழக்கம். என் அம்மா விடவில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து ஏழாம் நாள் போய்விட்டது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாய் திறக்காமல், தொட்டால் உடம்பு வில்லாக வளைந்து போனது. அது ரணஜன்னி (டெட்டனஸ்). கொடியை அறுத்த கத்தியிலோ, அதன்மேல் வைத்த சாம்பலிலோ இருந்த கிருமி. அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது, கத்தியைத் தெரியும். புது பிளேடும் வெள்ளை நூலும் பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, லெத்தே கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் நின்றார். கிழவி முறைத்தார். ஆனால் கழுவினார்.

வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீ ஒரு தடவை பார்த்தவள். பொழுது விடிந்து, எதிர் வீட்டில் பே ப்யோ (அவித்த பட்டாணி) விற்கிறவள் குரல் கேட்ட நேரத்தில் பிள்ளை விழுந்தான். உடனே அழுதான். மாமியார் பக்கத்து மளிகைக் கடைத் தராசை வாங்கி வந்து, ஒரு தட்டில் பழைய தமெய்னை (பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கி) விரித்துப் போட்டு நிறுத்தினார். சரியாக இரண்டு வீசை. (கிலோவில் மூன்றேகாலுக்கு ஒரு சொட்டு அதிகம்.) எல்லாரும் சிரித்தார்கள். ரவை லட்டு பிடிக்க வெல்லம் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள்.

மகளே, உன் மாமியார் சொல்லும் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். எல்லார் வீட்டுக் கதையும் இங்கேதான் முடிகிறது. எனக்கு நடந்தது இதற்கப்புறம்தான்.

நஞ்சுக்கொடி வரவில்லை. அரை மணி நேரம் இருக்கும். எங்கள் சித்தி ஒருத்தி கொடியைப் பிடித்து இழு என்றார். லெத்தே அவர் கையில் ஓர் அடி போட்டார். அந்த ஓர் அடிக்காக அந்தக் கிழவிக்கு இன்றைக்கும் நான் விளக்கு வைக்கிறேன். இழுத்தால் கொடி அறுந்து நஞ்சு உள்ளேயே நின்றுவிடும், சில சமயம் கருப்பையே கூட வந்துவிடும். அவர் என்னைக் குந்த வைத்து ஒன்றுக்குப் போகச் சொன்னார், பிள்ளையை மார்பில் போட்டார். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது, பிள்ளை சப்பினால் அது தானாகச் சுருங்கும். இதை எனக்குப் பிறகு ஒரு மிட்வைஃப் செயாமா (நர்சம்மா) விளக்கினார். கிழவிக்கு விளக்கம் தெரியாது, செய்யத் தெரியும்.

நஞ்சு விழுந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ஒரு தமெய்ன் நனைந்து, இன்னொன்று நனைந்து, மூங்கில் தரை இடுக்கு வழியாகக் கீழே சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் கேட்கவில்லை, காது அடைத்துக்கொண்டது. குளிர்ந்தது. அம்மா என் பெயரைச் சொல்வது தெரிகிறது, பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வலி ஒன்றும் இல்லை, சுகமாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தால்தான் பயம். கிழவி என் அடிவயிற்றில் கையை வைத்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சு மாதிரி தொளதொளவென்று இருந்த வயிறு தேங்காய் மாதிரி கெட்டியாகிற வரைக்கும் விடவில்லை. கெட்டியானதும் ரத்தம் குறைந்தது.

ஜீப் மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. பெட்ரோல் கிடைத்துவிட்டதாம். நல்ல மனிதர், ஓடி வந்து சொன்னார். வயிறு கெட்டியாகாமல் போயிருந்தால் அந்த ஜீப்பில் பிணமாகத்தான் ஏறியிருப்பேன். இரண்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்தேன். அடுத்த பிள்ளையைத் தட்டோன் ஆஸ்பத்திரியில் பெற்றேன். கட்டில் கிரீச்சிடும், கொசு, பக்கத்துப் படுக்கைக்காரியின் மாமியார் வாய் மூடவே இல்லை. ஆனால் அங்கே ஊசி இருந்தது.

அதனால் உனக்குச் சொல்வது இதுதான். பிள்ளை வெளியே வரும் வரை லெத்தே போதும் என்று பல வீட்டில் தோன்றும், பல தடவை போதுமாகவும் இருக்கும். பிள்ளை வந்ததற்கு அப்புறம் வரும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று மாமியாரைக் கேள். அரை லிட்டர் ரத்தம் போனாலே அதிகம் என்பார்கள் டாக்டர்கள். நாம் அரிசி அளக்கிற பால் டப்பாவில் அது இரண்டு டப்பா கூட வராது. யார் அளக்கப் போகிறார்கள்? துணியில் ஊறியதெல்லாம் கணக்கில் வராமல் போகும்.

முடிந்தால் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் டவுனில் உறவுக்காரர் வீடு எதிலாவது போய் இருந்துவிடு. தலைச்சனையும் கூட்டிக்கொண்டு போ. வலி எடுத்தபின் ஓடையைத் தாண்டுவதைவிட, பாயோடு போய் மூன்று வாரம் சித்தி வீட்டுத் திண்ணையில் கிடப்பது மேல். வெட்கப்படாதே, நம் ஆட்கள் சோறு போடுவார்கள்.

அதற்கு வழியே இல்லை என்றால், பக்கத்து ஊர் மிட்வைஃப் செயாமாவை இப்போதே போய்ப் பார். லெத்தேயோடு அவரும் வரட்டும், இரண்டு பேரும் ஒத்துப்போவார்கள். ரணஜன்னித் தடுப்பூசி இந்த வயிற்றுக்குப் போட்டாயிற்றா என்று கேள். ரத்தம் நிற்க ஆக்சிடோசின் ஊசி இருக்கிறதா, அதைக் குளிரில் வைத்திருக்கிறாரா என்றும் கேள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல செயாமாவாக இருந்தால் சந்தோஷப்படுவார். கரண்ட் இல்லாத ஊரில் அந்த ஊசி வெயிலில் கிடந்தால் வேலை செய்யாது. அதற்குப் பதில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருக்கிறது, அதற்குக் குளிர் வேண்டாம். ஆனால் பிள்ளை வெளியே வந்து, வயிற்றில் இன்னொன்று இல்லை என்று செயாமா கையால் பார்த்த பிறகுதான் அது. வலி சீக்கிரம் எடுக்கட்டும் என்று முன்கூட்டிப் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கருப்பை கிழிந்துவிடும் மகளே, விளையாட்டு இல்லை.

பிரஷர் பார்க்கும்போது 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், பிள்ளை குறுக்கே கிடந்தால், வீட்டுப் பேச்சே வேண்டாம். ஓடையில் வெள்ளம் என்றாலும் படகு பிடி. வாடகைப் பணத்தை இப்போதே தனியாக எடுத்து வை. எந்த நோட்டில் வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு ராசி இல்லை.

இன்னொன்று, நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெற்ற பிறகு நம் வீட்டில் பத்தியம், பர்மாக்காரர் வீட்டில் மீத்வின். மஞ்சள் பூசுவார்கள், செங்கல் சுட்டு ஒத்தடம் வைப்பார்கள், நாற்பத்தைந்து நாள் சோறும் கருவாடும்தான். மஞ்சளும் ஒத்தடமும் இருக்கட்டும், சூடு மட்டும் பார்த்து. சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, காயம் எல்லாம் நானும் தின்றேன். ஆனால் வெறும் வெள்ளைச் சோற்றோடு நிற்காதே. என் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று மாதம் இருக்கும்போது அழுதால் வாய் அசையும், சத்தம் வராது. கண் பட்டது என்று முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டார்கள். அது பெரிபெரி. தீட்டிய அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டி, அம்மா அதை மட்டும் தின்றால் அவள் பாலில் பி1 சத்து இருக்காது. செயாமா சமயத்தில் ஊசி போட்டதால் பிழைத்தது. அந்தப் பிள்ளை இப்போது மேடையில் பக்திப் பாட்டு பாடுகிறாள். பே ப்யோ, பயறு, முட்டை, மீன், கொஞ்சம் கறி எதையும் பத்தியம் என்று தள்ளாதே. பி1 மாத்திரை தந்தால் விடாமல் போடு. பிறந்ததும் சீம்பாலைப் பீச்சி ஊற்றிவிட்டுச் சேனை வைக்கச் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு நீ பால் கொடு. மாமியாரிடம் எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டியதில்லை.

கேள்வி: பெரியம்மா, வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கஷ்டமா?

பெகு வாசகர்

பதில்: அப்போதே கேட்டால் கஷ்டமில்லை, நாள் கழித்துப் போனால்தான் அலைச்சல். மிட்வைஃப் செயாமாவிடம் பிறந்த அந்த வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள், 66/6 குடும்பப் பட்டியலிலும் பெயரை ஏற்றிவிடுங்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்களுக்கு ஒரு காகிதம் குறைந்தால் பத்துக் காகிதம் கேட்கிறார்கள். எங்களுக்கு அப்போது புத்தி இல்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மாமியார் அன்றைக்குக் காலையில் அடுப்பங்கரைப் பலகையில் கரியால் எழுதி வைத்திருந்தார்: ஆவணி, வியாழன், விடிந்தபின், இரண்டு வீசை. வீட்டுக்காரர் அந்தப் பலகையைக் கழற்றி, மழையில் அழியாமல் பிளாஸ்டிக் சுற்றி, கிராமத் தலைவர் வீட்டுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். தலைவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீசை என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, வியாழக்கிழமைப் பிள்ளையா, அப்போ பர்மியப் பெயர் ம வரிசையில் வையுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். (பர்மாக்காரர் பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பெயரின் முதல் எழுத்தை வைப்பார்கள்.)